கண்டம்

தேய்ந்துபோன ஒன்றை விலக்குவதில் தார்மீகப் பிரச்னை ஏதும் இல்லை. தேய்மானமே தீர்ப்பை எழுதிவிடுகிறது. நாம் படித்துக் காட்டுகிறோம், அவ்வளவுதான். தேய்ந்ததா இல்லையா என்ற விசாரணையே நடக்காமல் ஒன்று விலக்கப்படும்போதுதான் கேள்வி பிறக்கிறது. பீச் - தாம்பரம் மின்ரயில்களின் சரித்திரம் இக்கேள்வியை இரண்டு முறை எழுப்பியிருக்கிறது.

1931 மே மாதம் தென்னிந்திய ரயில்வே இந்தத் தடத்தில் மின்ரயில்களை ஓட்டத் தொடங்கியது. மீட்டர் கேஜ், 1500 வோல்ட் டி.சி. மின்சாரம். 1967இல் அதே தடம் 25,000 வோல்ட் ஏ.சி. மின்சாரத்துக்கு மாறியது. தண்டவாளம் அதே, ஸ்டேஷன்கள் அதே. ஆனால் தலைக்கு மேல் ஓடும் கம்பியின் இயல்பு மாறியதும் பழைய வண்டிகளுக்கு அங்கே ஜீவனம் இல்லை. அவற்றின் இடத்துக்கு வந்த மீட்டர் கேஜ் வண்டிகளுக்கு 2004இல் முறை வந்தது. இம்முறை மாறியது காலடி. ஒரு மீட்டர் அகலத் தடம் போய் 1676 மில்லிமீட்டர் அகலத் தடம் மட்டும் நின்றது. முதலாவது 36 வருஷம், இரண்டாவது 37. ஒரு குமாஸ்தாவின் முழு சர்வீஸ் அது. அவ்வண்டிகளுக்கு வயதாகவில்லை என்று நான் வாதிடவில்லை. முடிவுக்கு நாள் குறித்தது அவற்றின் வயது அல்ல என்பதே விஷயம்.

மாற்றம் தவறு என்றும் சொல்ல வரவில்லை. அகலப் பெட்டியில் அதிகம் பேர் போகலாம். நாடு முழுவதையும் ஒரே கேஜுக்குக் கொண்டுவரும் திட்டம் 1992இல் தொடங்கியபின், ஒரு நகரத்துக்காக மட்டும் தனி அளவில் வண்டியும் உதிரி பாகமும் வைத்திருப்பது அர்த்தமற்றது. நியாயமான ஒரு காரியத்துக்கும் பலியாகிறவர்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில்தான் நமக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை மறைக்க ஒரு சொல் தேவைப்படுகிறது: ரயில்கள் ‘ஓய்வு பெற்றன’.

பணிமனைகளில் இப்படிச் சொல்வதில்லை. அங்கே ‘கண்டம் பண்ணியாச்சு’ என்பார்கள். ஆங்கிலத்திலிருந்து சிதைந்து வந்த சொல்தான். ஆனால் தமிழில் ஏற்கெனவே இருந்த இரண்டு அர்த்தங்களோடு அது இயல்பாகப் போய் ஒட்டிக்கொண்டது: துண்டு, ஜாதகத்தில் உயிருக்கு வரும் ஆபத்து. வெட்டித் துண்டாக்கப்படப்போகும் இரும்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஓய்வு என்பது ஓய்ந்திருப்பதை அனுபவிக்கக்கூடிய ஒரு பிரக்ஞைக்கு உரியது. இரும்புக்கு அது கிடையாது. மனிதச் சொல்லை இயந்திரத்துக்குக் கடன் கொடுப்பது தீங்கற்ற கவித்துவம் என்று நினைக்கிறோம். கடன் வட்டியோடு திரும்பி வருகிறது. ரயில் ஓய்வு பெறலாம் என்று ஆனபின், மனிதனைக் கண்டம் பண்ணுவதையும் ஓய்வு என்றே அழைக்கக் கூச்சம் இல்லாமல் போகிறது.

2000-01இல் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது, ஆள் அதிகம் என்று கணக்குச் சொன்னது. அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். குரோம்பேட்டையில் ஏறி பீச்சில் இறங்கியவர். லெட்ஜர் கூட்டலில் பைசா பிசகாதவர். அவரிடம் ஒருமுறை, நீங்களும் அந்த ரயிலும் ஒரே மாதிரி சார், தடத்தை மாற்றி வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னேன். ஆறுதல் சொல்வதாக எண்ணம். அவர் முகம் கடுத்துவிட்டது. “நான் கையெழுத்துப் போட்டேன்பா. ரயில் கையெழுத்துப் போடலை” என்றார்.

அந்தக் கையெழுத்தில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு நிர்ப்பந்தம் என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். போகாவிட்டால் மாற்றல் வருமோ, தெரியாத இயந்திரத்தின் முன் சின்னப் பையன்களிடம் பாடம் கேட்க வேண்டியிருக்குமோ என்ற பயம் இருந்திருக்கலாம். ஆனாலும் அவர் பற்றிக்கொண்டிருந்தது சரியான இடத்தை. கேட்கப்பட்டேன், பதில் சொன்னேன் என்பதே அவருக்கும் இரும்புக்கும் இடையில் மிஞ்சிய வேறுபாடு. நான் அனுதாபத்தின் பெயரால் அதைப் பறிக்கப் பார்த்தேன். உவமை செய்கிற வன்முறை இது. நாம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் தாராளமாகவே செய்கிறோம்.

பழைய மின்ரயில்களின் படங்களைச் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் குற்றமில்லை. இரும்புக்கு நாம் கடமைப்பட்டிருப்பது சரியான ஒரு விவரணைக்கு மட்டும்தான்: எந்த மின்சாரத்தில், எந்த அகலத்தில், எத்தனை வருஷம் ஓடியது, ஏன் நிறுத்தப்பட்டது. அதற்குமேல் தருகிற கண்ணீர் வேறு யாருக்கோ சேர வேண்டியது. மனிதனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது ஒரு கேள்விக்கு. அதை, மறுக்க இடம் இருக்கும்போதே, தடத்தை மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும். தடத்தை மாற்றியபின் நீட்டப்படும் காகிதத்தில் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. பதிலுக்கு இடம் இல்லை.

அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.