சொல்வதா, அடங்குவதா? – யூத ஞானி லுசாட்டோவின் வாழ்வும் நூல்களும்

நிறைகுடம் தளும்பாது என்பது முன்னோர் வாக்கு. அறிவு நிறைந்தவர் ஆரவாரம் செய்யார் என்பதே அதன் பொருள். ஆனால் அருகிலே ஒருவன் தாகத்தோடு நிற்கும்போது, தளும்பாத குடத்தினால் அவனுக்குக் கிடைக்கும் பயன் யாது? தனக்குக் கிட்டிய ஞானத்தை ஒருவன் பிறருக்குச் சொல்லத்தான் வேண்டுமா? சொல்லாதே எனச் சமயப் பெரியோர் தடுத்தால், உள்ளே கேட்கும் குரலுக்குப் பணிவதா, வெளியே நிற்கும் பெரியோருக்குப் பணிவதா? எல்லாச் சமயங்களிலும் எழுந்த வினா இது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலி நாட்டிலே தோன்றிய யூத ஞானி ஒருவரின் வாழ்வு முழுவதும் இவ்வினாவுக்குள்ளேயே கழிந்தது. அவர்தான் ரபி மோசே ஹயீம் லுசாட்டோ.

யூத சமயத்தவர் தம் வேதத்தைத் தோரா என அழைப்பர். வேதத்தையும் அதன் வழிவந்த சட்டங்களையும் கற்றுத் தேர்ந்து பிறருக்குக் கற்பிப்பவரே ரபி எனப்படுவார். பூசை செய்பவர் என்பதிலும் பார்க்க ஆசான் என்பதே அச்சொல்லுக்கு ஏற்ற பொருளாகும். இவர்களுள் ஒரு சாரார் வேதத்தின் வெளிப்பொருளுக்கு அப்பால் ஓர் உட்பொருள் உண்டெனக் கொண்டு, குரு சீட பரம்பரையாகப் பேணிவந்த மறைஞானமே கபாலா ஆகும். 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்பது அதன் பொருள். மனித அறிவுக்கு எட்டாத பரம்பொருளை அவர்கள் 'ஏன் சோஃப்', அதாவது முடிவில்லாதது, என்பர். அம்முடிவில்லாதது பத்து நிலைகளின் ஊடாக உலகிலே வெளிப்படுகின்றது என்பது அவர்களது கொள்கை. இம்மரபின் தலையாய நூல் ஸோஹார் என்பது. அது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பெயின் நாட்டிலே வெளிவந்தது. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் என்னும் மலைநகரில் வாழ்ந்த ரபி ஈசாக் லூரியா (1534–1572) இம்மரபுக்குப் புதிய விளக்கம் அளித்தார். எங்கும் நிறைந்த இறைவன், உலகுக்கு இடம் உண்டாகும்பொருட்டுத் தன்னைத்தானே சுருக்கிக்கொண்டான் என்பது அவர் உபதேசம். இந்த உபதேசத்தை இளமையிலேயே கற்றவர் லுசாட்டோ.

அன்னார் 1707ஆம் ஆண்டு பாதுவா நகரில் வசதி படைத்த வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். எபிரேயம், இலத்தீன், இத்தாலியம் ஆகிய மொழிகளைக் கற்றார். ரபி யெசாயா பஸ்ஸான் என்பவர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். பதினேழு வயதளவிலேயே சொல்லணி பற்றி ஒரு நூலை எழுதினார். அது 1727இல் அச்சேறியது. தாவீது அரசனின் பெயரால் வழங்கும் 150 சங்கீதங்களைப் போன்று தாமும் 150 பாடல்களை இயற்றினார். அவற்றுட் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. இவ்வாறான கல்வியும் கவித்துவமும் ஒருவருக்கு அமைந்துவிட்டால் ஊரார் பாராட்டுவதோடு விடயம் முடிந்துவிடும். ஆனால் 1727இல், இருபது வயதில், அவருக்கு வேறொன்று நேர்ந்தது. தேவதூதன் ஒருவனின் குரல் தமக்குக் கேட்பதாகவும், அது வேத இரகசியங்களைத் தமக்கு உரைப்பதாகவும் அவர் நம்பினார். கேட்டவற்றை எழுதிக் குவித்தார். நண்பர் சிலர் அவரைச் சூழ்ந்து இரகசியமாகப் பயின்றனர்.

இரகசியம் நீண்டநாள் இரகசியமாக இருப்பதில்லை. பாதுவாவிலே வைத்தியம் கற்க வந்திருந்த யெக்குத்தியேல் கோர்டன் என்னும் சீடர், 1729இல் தம் குருவின் பெருமையை வியந்து கடிதங்கள் எழுதினார். குருவுக்குப் புகழ் சேர்க்கவே அவர் எழுதினார். ஆனால் ஒரு கடிதம் வட ஜேர்மனியின் அல்ரோனா நகரில் வாழ்ந்த ரபி மோசே ஹகீஸ் என்பவரின் கைக்கு எட்டியது. அவர் உடனே வெனிஸ் நகரத்து ரபிமாருக்கு எச்சரிக்கை விடுத்தார். மணமாகாத ஓர் இளைஞன் தேவதூதன் பேசுகிறான் எனச் சொல்வதை அனுமதிக்கலாகாது என்பது எதிர்த்தோரின் நிலைப்பாடு.

அவரைப் பொறாமைக்காரர் எனச் சொல்லி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது. அவர் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. 1665இல் சப்பத்தாய் ஸ்வி என்பவர் தம்மையே யூதர் எதிர்பார்த்திருந்த மீட்பர் எனப் பிரகடனம் செய்தார். கபாலா ஞானத்தின் பெயராலேயே அவரது கட்சி வளர்ந்தது. பல நாடுகளிலும் யூத மக்கள் அவரை நம்பினர். சொத்துக்களை விற்றுவிட்டுப் புனித பூமிக்குப் புறப்பட ஆயத்தமானோரும் உளர். 1666இல் துருக்கிய சுல்தான் அவரைச் சிறைப்படுத்தி அழைப்பித்தபோது, அம்மீட்பர் தம் உயிரைக் காத்துக்கொள்ள இஸ்லாம் மதத்துக்கு மாறிவிட்டார். நம்பியிருந்த ஏழைச் சனங்களின் நிலை என்னவாயிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பதுபோல, அதன்பின் வானத்துக் குரல் என்ற பேச்சைக் கேட்டாலே பெரியோர் நடுங்கினர்.

ஆதலால் 1730இல் லுசாட்டோ அவர்கள் ஓர் உறுதிமொழியிற் கையொப்பமிட நேர்ந்தது. குரல் சொன்னதாக இனி எதையும் எழுதுவதில்லை, புனித பூமியை அடையும்வரை கபாலாவைப் போதிப்பதில்லை என்பது அதன் சாரம். எழுதியவை ஒரு பெட்டியில் இடப்பட்டு ஆசான் பஸ்ஸானிடம் ஒப்படைக்கப்பட்டன. மறு ஆண்டு அவர் மந்துவா நகரத்து ரபி ஒருவரின் மகளை மணந்து இல்லறம் புகுந்தார்.

ஆனால் கையொப்பம் இடுவது வேறு, உள்ளம் அடங்குவது வேறு. சில காலத்தின்பின் அவர் மீண்டும் மறைஞான நூல்களை எழுதலானார். கபாலாவை இகழ்ந்தோருக்கு மறுப்பும் எழுதினார். வெனிஸ் ரபிமார் சினந்தனர். வணிகத்திலும் குடும்பம் நொடிந்துபோக, அவர் இத்தாலியை விட்டுப் புறப்பட்டார். 1735இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரை அடைந்து, ஆதரவு கிடைக்குமென நம்பி அவ்வூர்ப் பெரிய ரபியை நாடினார். அங்கே முன்னதிலும் கடுமையான உறுதிமொழி ஒன்றே அவருக்குக் காத்திருந்தது. அதிலும் அவர் கையொப்பமிட்டார். பின்னர் அவரது கையெழுத்துப் பிரதிகளிற் சில எரிக்கப்பட்டன. சில மண்ணிலே புதைக்கப்பட்டன. தான் பெற்ற பிள்ளைகளைப் போன்று பேணிய ஏடுகளுக்கு இக்கதி நேர்ந்ததை அறிந்த ஒருவரின் மனநிலையை எழுதிப் பழகியவர்கள் நன்கு உணர்வர்.

அதன்பின் அவர் ஒல்லாந்து தேசத்தின் அம்ஸ்டர்டாம் நகரிற் குடியேறினார். அக்காலத்தில் அதே ஒல்லாந்தரே யாழ்ப்பாணம் உட்பட இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்டு வந்தனர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. இலங்கையிலே சைவ ஆலயங்களைப் பகிரங்கமாக வழிபட விடாத அவர்கள், தம் சொந்த நகரில் யூதர் பெரிய தொழுகைக்கூடம் அமைக்கவும் நூல்களை அச்சிடவும் இடமளித்திருந்தனர். அங்கே லுசாட்டோ அவர்கள் கண்ணாடி வில்லைகளைத் தீட்டும் தொழில் செய்து பிழைத்தார் எனச் சொல்லப்படுகின்றது. போதனையை விற்று வாழாமல் கைத்தொழிலால் வாழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. அந்நகரில் அவர் கபாலாவைப் பகிரங்கமாகப் போதிக்கவில்லை. அதற்குப் பதிலாக 1740இல் ஒரு சிறிய நூலை வெளியிட்டார். அதன் பெயர் 'மெசிலாத் யெஷாரீம்', அதாவது 'நேர்மையாளரின் பாதை'.

அந்நூலில் வானத்துக் குரல் இல்லை, இரகசியமும் இல்லை. முன்னுரையிலேயே அவர் ஒன்றைத் தெளிவாக்குகின்றார். படிப்பவருக்குத் தெரியாத புதிய விடயம் எதையும் தாம் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்தவற்றை நினைவூட்டவே எழுதுவதாகக் கூறுகின்றார். தெரிந்த விடயம் என்பதனாலேயே மனிதர் அதனை மறந்துவிடுகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் 26 அதிகாரங்களில் ஒரு படிவரிசையை அமைக்கின்றார். விழிப்பு, சுறுசுறுப்பு, குற்றமின்மை, விலகிநிற்றல், தூய்மை, பக்தி, பணிவு, பாவத்துக்கு அஞ்சுதல், புனிதம் என ஒன்றன்மேல் ஒன்றாக அப்படிகள் உயர்கின்றன. கீழ்ப்படியில் கால் வைக்காதவன் மேற்படியை எண்ணிப் பயனில்லை.

விழிப்பைப் பற்றிக் கூறும்போது, வணிகர் தம் வரவு செலவைத் தவறாது பார்ப்பதுபோல மனிதன் நாள்தோறும் நேரம் ஒதுக்கித் தன் செயல்களைச் சீர்தூக்க வேண்டும் என்கின்றார். வணிகர் மகனுக்கு இவ்வுவமை இயல்பாகவே வந்திருக்கும். செருக்கைப் பற்றிக் கூறுமிடத்தில் அவரது கண் இன்னும் கூர்மையானது. வெளிப்படையாகப் பெருமை பேசுபவனை எவரும் அறிவர். பணிவுள்ளவன் எனப் பெயர் எடுப்பதற்காகவே கடைசி இடத்தில் போய் அமர்பவனும் செருக்கனே என அவர் இனங்காட்டுகின்றார். பொது நிறுவனங்களிலே கடமையாற்றுவோர் எவரும் இப்பகுதியைப் படித்துத் தம்மைத் தாமே ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

நூலின் இருபதாம் அதிகாரமே முதலிற் கேட்ட வினாவுக்கு மிக அண்மையிற் செல்கின்றது. பக்திச் செயலையும் தராசில் இட்டு நிறுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு செயல் தன்னளவில் நல்லதாகத் தோன்றலாம். அதன் பின்விளைவு தீதாயின் அது விலக்கத்தக்கதே என்கின்றார். பழைய யூத வரலாற்றிலிருந்து கெதலியா என்னும் ஆளுநரை அதற்கு எடுத்துக்காட்டுகின்றார். ஒருவன் அவரைக் கொல்லச் சதி செய்கின்றான் என நண்பர் எச்சரித்தபோது, பிறர்மேல் பழி கேட்கலாகாது என்ற நல்லெண்ணத்தால் கெதலியா அதனை நம்ப மறுத்தார். அவர் கொல்லப்பட்டார், அவரோடிருந்தோரும் மாண்டனர், எஞ்சிய மக்கள் சிதறினர். எண்ணம் தூயது, விளைவு அழிவு.

இவ்வதிகாரத்தை எழுதியவர் யார் என்பதை நினைக்கும்போதே அதன் கனம் விளங்கும். தன் எண்ணம் தூயது என்பதில் ஐயமே இல்லாதிருந்த ஒருவர், தூய எண்ணம் மட்டும் போதாது என எழுதுகின்றார். தமது சொந்த வழக்கில் பெரியோர் செய்தது சரியென அவர் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி வலிந்து பொருள்கொள்ளவும் கூடாது. ஆயினும் தனக்குக் கேட்ட குரல் மெய்யா என்பது ஒரு கேள்வி. அதனை ஊரறியச் சொன்னால் ஏழைச் சனத்துக்கு நேர்வது என்ன என்பது வேறொரு கேள்வி. முதலாவது கேள்விக்கு ஒருவன் தன் மனச்சாட்சியிடம் விடை பெறலாம். இரண்டாவது கேள்விக்கு அவன் தன்னை மட்டும் கேட்டால் போதாது. முன்பு ஏமாந்து அழுதவர்களையும் கேட்க வேண்டும்.

அவ்வாறாயின் ஏடுகளை எரித்தவர் செய்தது சரியா? அதுவும் இல்லை. அச்சம் காவலுக்கு உதவும். தீர்ப்புச் சொல்ல உதவாது. சப்பத்தாய் ஸ்வி செய்த பிழைக்கு லுசாட்டோவின் ஏடுகள் தண்டனை அனுபவித்தன. அவர் ஒருபோதும் தம் சமயத்தை விட்டு விலகவில்லை. தம் மக்களை வஞ்சிக்கவும் இல்லை. எவரையும் ஆராயாது நம்புவது பிழையென்றால், ஆராயாது எரிப்பதும் பிழையே. பொறுத்திருந்து பார்த்திருந்தால் பெரியோருக்குப் பழி வந்திராது.

1743இல் அவர் குடும்பத்தோடு கடல் கடந்து புனித பூமியின் ஆக்கோ துறைமுக நகரை அடைந்தார். 1730ஆம் ஆண்டின் உறுதிமொழியின்படி இனி அவர் போதித்திருக்கலாம். ஆனால் காலம் அவருக்கு இடந்தரவில்லை. 1746இல் பரவிய கொள்ளைநோய் அவரையும் குடும்பத்தையும் கொண்டுசென்றது. அப்போது அவருக்கு நாற்பது வயது நிறையவில்லை. நாற்பது நிறையாதவர் கபாலாவைக் கற்கலாகாது என்னும் கட்டுப்பாடு யூதரிடையே பேசப்படுவதுண்டு. அதைக் கற்கவே தகாத வயதில் அவர் அதனை எழுதி முடித்துப் போய்விட்டார்.

சீடர் காத்த பிரதிகளிலிருந்து அவரது மறைஞான நூல்கள் பல பிற்காலத்தில் அச்சேறின. ஆயினும் சாதாரண மக்களின் கையை அடைந்தது 'நேர்மையாளரின் பாதை'யே. 19ஆம் நூற்றாண்டிலே லித்துவேனியாவில் ரபி இஸ்ராயேல் சலாந்தர் தொடக்கிய ஒழுக்க இயக்கத்தவர் அதனைப் பாடநூலாகக் கொண்டனர். இன்றும் யூத வேதபாடசாலைகளிலே மாணவர் அதனைப் படித்து வருகின்றனர். அவரைத் தடுத்த பெரியோரின் வழிவந்தவர்களே இன்று அவரைப் போற்றுகின்றனர்.

சொல்வதா, அடங்குவதா என்ற வினாவுக்கு அவர் வாழ்வு ஒரே சொல்லில் விடை தரவில்லை. முதலில் சொன்னார், பின் அடங்கினார், அடங்க மாட்டாமல் மீண்டும் எழுதினார், மீண்டும் அடக்கப்பட்டார். அதன்பின் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். இறைவன் உலகுக்கு இடம்விடத் தன்னைச் சுருக்கிக்கொண்டான் எனக் கற்றிருந்த அவர், கேட்போருக்கு இடம்விட்டுத் தம் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். தாம் கண்ட காட்சியைச் சொல்லாமல், அக்காட்சியால் தமக்கு உண்டான ஒழுக்கத்தை மாத்திரம் சொன்னார். காட்சியைச் சொல்லியிருந்தால் அவரை நம்புவோர், நம்பாதோர் எனச் சமூகம் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒழுக்கத்தைச் சொன்னமையால் நம்பாதவரும் பயன்பெற்றனர்.

இறைவன் அருளால் ஏதேனும் உணர்ந்ததாகக் கருதும் எவருக்கும் இது பொருந்தும். அவ்வுணர்வு மெய்யாயின், அது முதலில் அவரது பேச்சில் தெரிய வேண்டியதில்லை; கோபம் குறைவதிலும், கணக்கு நேராவதிலும், கடைசி இடத்தில் மனநிறைவோடு இருப்பதிலும் தெரிந்தாற் போதும். குடம் தளும்பவும் வேண்டாம், மூடிக்கிடக்கவும் வேண்டாம். தாகத்தோடு வந்தவன் ஏந்தும் கையின் அளவறிந்து வார்த்தலே அறிந்தவர் கடன்.