கசடு

பழைய புல்லட்டுக்கு ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது. இன்ஜின் கூட்டுக்குள்ளேயே கிராங்க் அறையை ஒட்டி ஓர் அறையாக வார்த்திருப்பார்கள். வண்டி வருஷக்கணக்கில் நின்றால் எண்ணெய் பம்பு வழியாகக் கசிந்து கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். டேங்கின் அடியில் கரி, இரும்புத்தூள், ஈரம் எல்லாம் சேர்ந்து களிபோல உறைந்து கிடக்கும். ட்ரெயின் நட்டைக் கழற்றினாலும் அது வராது. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, வளைத்த கம்பியில் பனியன் வேஸ்ட் சுற்றி, விரல் போகிற மட்டும் விட்டு வழிக்க வேண்டும். துளி மிச்சம் போய்ப் பம்பை அடைத்தால் போச்சு, ஓடுகிற ஓட்டத்தில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

1956இல் திருவொற்றியூரில் புல்லட் உற்பத்தி தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கும் அது வந்து சேர்ந்தது. அந்தச் சத்தம் கேட்டால் நடவாட்கள் நிமிரமாட்டார்கள் என்று அம்மா சொல்வாள். பட்டறையில் நான் இருந்த காலத்தில், பத்தாயத்துக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடந்த அப்படியொரு வண்டியைச் சுத்தம் பண்ணப் போனேன். கொல்லைப்பக்கம்தான் வேலை. முழங்கை வரை கறுப்பு. வீட்டுப் பெரியவர் என் துணியிலிருந்த கசடை விரலால் எடுத்து, தேய்த்துப் பார்த்து, "இரும்புத்தூள் இருக்குடா" என்றார். சரியான கணிப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுங்க" என்றேன். "அந்தக் குழாயில குடிச்சிக்க. சொம்பத் தொட்டுறாத."

என் கை பட்ட கசடு அவர் விரலுக்குப் போகலாம். துலக்கி வைத்த சொம்பு என் கைக்கு வரக்கூடாது. அப்படியென்றால் தீட்டு என்பது அழுக்கைப் பற்றிய பேச்சே அல்ல. குளி, சுத்தமாயிரு, தொழிலை மாற்று, தீண்டாமை போய்விடும் என்று நமக்குச் சொல்லப்பட்ட உபதேசமெல்லாம் இந்த இடத்தில் நொறுங்குகிறது. இன்ஜின் வேலையை எந்த சாஸ்திரம் எந்தச் சாதிக்கு எழுதி வைத்தது? சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களைப் பிரிப்பது என்று அண்ணல் 1936இலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் பட்டறை எனக்குப் பண்ணைப் படியை அல்ல, எண்ணிக் கொடுத்த கூலியைத் தந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தோழர் ஒருவர் கேட்டார்: "அந்தத் தூளக் கொஞ்சம் விட்டு வச்சிருந்தா என்னப்பா?" நான் சுத்தமாகத்தான் வழித்தேன். அது ஆண்டைக்குக் காட்டிய விசுவாசம் இல்லை. வேலையைக் கெடுத்துச் செய்தால் கெடுவது என் கை. அந்தக் கை அவருடைய பண்ணைச் சொத்து இல்லை, என்னுடையது. பழிதீர்க்க வேறு இடங்கள் உண்டு, சங்கம் உண்டு, கொடி உண்டு. வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்க்க வேண்டும் இல்லையா? "ரோடு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போ, தெருவுல ஏறி உக்காராத" என்றார்.

வண்டியில் யார் உட்காரலாம் என்பது டெல்டாவில் சின்ன விஷயம் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் எரித்தார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. நிலமும் காரும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பமுடியவில்லை என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. கார் அவர்களுக்குச் சாட்சி சொன்னது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் கல்லூரியில் படிக்கும் தலித் பையன் ஒருவன் கைகளில் வெட்டப்பட்டான். புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று வீட்டார் சொன்னார்கள். வெட்டியது, ஹேண்டில்பாரைப் பிடித்த கைகளை.