அதே வண்டிதானா?

1989-இல் வந்த மஸ்டா மியாட்டாவும் 2015-இல் வந்த நான்காம் தலைமுறை மியாட்டாவும் ஒரே வண்டியா என்று கேட்டால் எங்கள் பக்கம் சண்டை வந்துவிடும். எங்கள் பக்கம் என்றால் கலிபோர்னியா, சான் ஹோசேக்கு மேற்கே உள்ள மலைச்சாலைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கைலைன் சாலையும் 84-ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கிற உட்சைடு முக்கில், ஆலிஸ் ரெஸ்டாரண்ட் வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நின்றுகொண்டே வாதாடுவார்கள். இரண்டு சீட்டு, துணிக்கூரை, முன்னால் சின்ன எஞ்சின், பின்சக்கர ஓட்டம். இவ்வளவுதான் வண்டி. இதைப் பற்றி இத்தனை பேசலாமா என்று என் மனைவி கேட்கிறாள். பேரன் வந்தால் எங்கே உட்காருவான் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

நான் பழைய கட்சி. என்னுடையது 1990-ஆம் வருட மாடல், 1.6 லிட்டர், பவர் ஸ்டியரிங் கிடையாது. பார்க்கிங்கில் திருப்பத் தோள் வலிமை வேண்டும்; ஓட ஆரம்பித்தால் சாலையின் ஒவ்வொரு மணலும் உள்ளங்கைக்கு வந்து சேரும். விளக்குப் பொத்தானை அழுத்தினால் இரண்டு முன்விளக்குகளும் தவளைக் கண்போல் எழும்பும். 1998-இல் இரண்டாம் தலைமுறை வந்தபோதே அந்தக் கண்கள் போய்விட்டன. புதிய வண்டியில் ஸ்டியரிங்குக்கு மின்மோட்டார் துணை. டாஷ்போர்டில் ஒரு திரை நின்றுகொண்டிருக்கிறது. இது வேறு வண்டி, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது என்பார்கள் எங்கள் கட்சிக்காரர்கள்.

சிவப்பு நிறப் புதிய மியாட்டா வாங்கிய நம்மூர்ப் பையன் ஒருவன் அங்கே வருவான். "அங்கிள், ரெண்டு சீட்டு அப்படியே இருக்கு. எஞ்சின் முன்னால, ஓட்டம் பின்னால. பேரும் அதேதான். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றான் ஒருநாள். பெயரை ஆதாரமாகக் காட்டியிருக்க வேண்டாம். ஜப்பானில் முதல் வண்டி யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றது, ஐரோப்பாவில் எம்எக்ஸ்-5, மியாட்டா என்பது அமெரிக்காவுக்கு வைத்த பெயர். ஆனால் பையனுடைய கேள்வியை அப்படித் தட்டிவிட முடியாது. ஒரு பொருளை "அதே பொருள்" என்று சொல்ல எது வேண்டும்?

இந்தக் கேள்வியை வண்டியை வைத்தே கேட்டவர் பௌத்த பிக்கு நாகசேனர். கிரேக்க அரசன் மெனாண்டரை பௌத்த நூல் மிலிந்தன் என்கிறது. தேரில் வந்தேன் என்ற மிலிந்தனிடம் நாகசேனர் விசாரிக்கிறார்: அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா? ஒன்றுமே இல்லை என்றால் நீ எதில் வந்தாய்? உறுப்புகள் இப்படிச் சேர்ந்திருக்கும்போது வழக்கத்துக்காக வைத்துக்கொண்ட பெயர்தான் தேர் என்று அரசன் கடைசியில் ஒப்புக்கொள்கிறான். மனிதனும் அப்படித்தான் என்று முடிக்கிறார் பிக்கு. என் வண்டிக்கு இதைப் பொருத்தினால் நிலைமை மோசம். கூரைத்துணி மாற்றியது. கிளச்சு, ரேடியேட்டர், ஷாக் அப்சார்பர்கள், சீட்டுறை எல்லாம் பிறகு வந்தவை. ஜப்பானில் மஸ்டாவே முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையை நடத்துகிறது; அதற்காகப் பழைய கூரையையும் மர ஸ்டியரிங்கையும் அந்தக் காலத்து டயரையும்கூடத் திரும்பச் செய்தார்கள். இத்தனை ஒட்டுப்போட்ட வண்டியை "அசல்" என்று நாங்கள் கொண்டாடுகிறோம். மஸ்டாவின் அதே ஹிரோஷிமா ஆலையில் முழுசாகப் பிறந்ததைப் போலி என்கிறோம்.

நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்களிடம் போனால் ஆறுதல் கிடைக்கும்போல் தோன்றும். நேற்றுக் கண்டதை இன்று கண்டு "இது அதுவே" என்று அறிகிறோமே, அந்த அறிவே பொருள் நிலைத்திருப்பதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். பையனுடைய வண்டியை நான் ஓட்டிப் பார்த்தேன். குட்டையான கியர் தண்டு கட்டைவிரல் அசைவில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போனபோது, வளைவில் பின்பக்கம் லேசாக அமர்ந்து முன்பக்கம் திரும்பியபோது, உடம்பு சொன்னது: இது அதுவே. ஆனால் பௌத்தர்கள் இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். வெட்டிய முடி மறுபடி வளர்ந்தால் "அதே முடி" என்கிறோம். இரவு முழுக்க எரியும் சுடரை ஒரே சுடர் என்கிறோம். ஒப்புமை கண்ணை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருள்நந்தி சிவாச்சாரியார் பௌத்தர்களை விடாமல் மடக்குகிறார். ஆனால் அவர் காக்க நினைப்பது உயிரை. "இது அதுவே" என்ற அறிவை வைத்து ஏதாவது நிலைத்திருக்கிறது என்று காட்டினாலும், நிலைத்திருப்பது ஓட்டுகிற நான். வண்டிக்கு அதில் பங்கில்லை. என் இளமையை பையனுடைய வண்டிமேல் ஏற்றிவிட்டு அதைத் தத்துவம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அசல் என்ற பேச்சுக்கு வரலாறும் உதவாது. பாப் ஹால் என்ற அமெரிக்க வண்டிப் பத்திரிகையாளர் 1979-இல் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய ஆங்கிலேயத் திறந்த வண்டிகளைப் போல எளிய ஒன்றை யாரும் இப்போது செய்வதில்லையே என்று சொன்னதில் தொடங்கியது இது. இங்கிலாந்தில் கட்டிய முன்மாதிரியை 1985-இல் இதே கலிபோர்னியாவில், சாந்தா பார்பராவில் ஓட்டிப் பார்த்தார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வண்டி வெளிவந்ததும் எழுந்த பேச்சு என்ன? 1962-இல் வந்த லோட்டஸ் எலானின் நகல் என்பது. இன்று புதியதை நகல் என்று திட்டுகிறவர்களின் வண்டியும் அதே திட்டை வாங்கித்தான் பிறந்தது.

எனக்கு வழி காட்டியவர் காஞ்சிக்கு அருகில் பிறந்ததாகத் திபெத்திய மரபு சொல்லும் பௌத்தத் தர்க்கவாதி திக்நாகர். பசு என்ற சொல் எல்லாப் பசுக்களிலும் உறையும் ஏதோ ஒரு பசுத்தன்மையைச் சுட்டவில்லை, பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அதுவே அதன் பொருள் என்பது அவருடைய அபோகக் கொள்கை. கல்லூரியில் படித்தபோது வெறும் வார்த்தை ஜாலம் என்று நினைத்தேன். மியாட்டாவின் எடைக் கணக்கைப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது.

ஜப்பானில் முதல் வண்டியின் எடை 940 கிலோ. திட்டத்தலைவர் தொஷிஹிகோ ஹிராய் முன்வைத்த இலட்சியம், குதிரையும் வீரனும் ஓருடலாவது. அதற்கு அவர் செய்ததில் பெரும்பகுதி, இது வேண்டாம் அது வேண்டாம் என்ற மறுப்பு. மூன்றாம் தலைமுறையில் வண்டி பருத்தது. அப்போதும் கண்ணாடி முதலான சின்னச் சாமான்களில் கிராம் கிராமாகக் குறைத்தார்கள். நான்காவதன் பொறுப்பு நொபுஹிரோ யமமோட்டோவுக்கு வந்தது. மூன்றாவதைவிட நூறு கிலோவுக்கு மேல் இறக்கினார்கள். 1.5 லிட்டர் எஞ்சினோடு ஜப்பானில் விற்ற அடிப்படை மாடல் 990 கிலோ. நீளத்தில் முதல் வண்டியைவிடவே சில சென்டிமீட்டர் குட்டை.

இந்த 940-க்கும் 990-க்கும் நடுவில் உலகம் என்ன ஆனது என்று யோசியுங்கள். பக்கவாட்டு மோதலுக்குக் கதவில் இரும்பு, கூடுதல் ஏர்பேக்குகள், பாதசாரி மோதினால் தானே எழும்பும் பானெட், புகைச்சட்டம். மற்ற வண்டிகள் நூற்றுக்கணக்கான கிலோ கூடின. இத்தனையையும் ஏற்றுக்கொண்டு ஐம்பது கிலோவில் நிறுத்தியிருக்கிறார்கள். சோறு கிடைக்காதவன் பட்டினியை விரதம் என்று யாரும் சொல்வதில்லை. இலை போட்டுப் பரிமாறிய பிறகு எழுந்திருப்பதுதான் விரதம். 1989-இல் வேண்டாம் என்று சொல்வது ஓரளவு சுலபம். 2015-இல் சொன்னது கஷ்டம். மியாட்டா என்பது இன்னின்னவை வேண்டாம் என்ற மறுப்பின் பெயர் என்றால், புதிய வண்டிக்கு அந்தப் பெயரில் உரிமை என் வண்டியைவிட ஒருபடி கூடுதல்.

விலக்கினால் மட்டும் ஒரு பொருள் உண்டாகுமா, சைக்கிள்கூட இதையெல்லாம் விலக்குகிறதே என்று நியாயமாகக் கேட்கலாம். பௌத்தர்களை மறுத்த உதயனர் வழி வந்த நையாயிகர் யாராவது ஆலிஸ் வாசலுக்கு வந்திருந்தால் என்னை அங்கேயே மடக்கியிருப்பார். என் பதில் இவ்வளவே: எதை எதிலிருந்து விலக்குகிறோம் என்பதும் சேர்த்துத்தான் கணக்கு. எல்லாம் சேர்க்க வசதியுள்ள ஒரு கார் கம்பெனி, நாலு சக்கரமும் எஞ்சினும் வைத்துக்கொண்டு, மற்றதை மறுக்கிறது. சைக்கிளுக்கு அந்தச் சோதனையே வந்ததில்லை.

அதற்காக நான் வண்டியை மாற்றப் போவதில்லை. புதியதன் ஸ்டியரிங் தணிந்த குரலில் பேசுகிறது. ரெட்வுட் நிழலில் ஈரம் காயாத வளைவில் எனக்கு உரத்த குரல் வேண்டும். இது என் ருசி. ருசியை உண்மை என்று விற்பதுதான் எங்கள் கட்சியின் கோளாறு.

ஐந்தாம் தலைமுறை வரும். அதில் பேட்டரி ஏற்றி எடை இருநூறு முந்நூறு கிலோ கூடினால், சாவியில் மியாட்டா என்று பொறித்திருந்தாலும் அதை வேறு வண்டி என்றுதான் சொல்வேன். 2015-இல் வந்தது அதே வண்டி. பையனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.