போர்ப் படச்சுருளும் சேகரிப்பவரின் கடமையும்

1943 நவம்பரில் பசிபிக் கடலின் தராவா பவளத்தீவில், பெட்டியோ என்ற சிறு திட்டுக்காக அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் இடையே நான்கு நாள் சண்டை நடந்தது. நார்மன் ஹேட்ச் முதலிய அமெரிக்க மெரீன் படையின் ஒளிப்பதிவாளர்கள் அதைப் படம்பிடித்தார்கள். கரையோர நீரில் மிதந்த தம் வீரர்களின் பிணங்களும் அதில் பதிவாயின. இதை மக்களுக்குக் காட்டலாமா என்ற கேள்வி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வரை போனது. அவர் அனுமதித்தார். அந்தக் காட்சிகளைக் கொண்டு 1944-இல் வெளியான 'வித் த மெரீன்ஸ் அட் தராவா' என்ற ஆவணப்படம் மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்றது.

போர் எத்தனை உயிரைக் கேட்கிறது என்று வீட்டிலிருப்பவர்கள் அறியட்டும் என்பது அன்றைய நியாயம். இன்று அதன் பழைய பிரதியைத் தேடி வாங்குபவருக்கு என்ன நியாயம்? இரு தரப்பு வீரர்களும் ஒரே சட்டகத்தில் தெரியும் அரிய காட்சி பெரிய ஈர்ப்பு. ஆனால், பதுங்குகுழியிலிருந்து வெளியே ஓடிவரும் அந்த ஜப்பானியர்கள் சாவை நோக்கி ஓடிவருகிறவர்கள்.

சேகரிப்பவர்களை ஏசுவது நன்றிகெட்ட செயல். பட நிறுவனங்கள் குப்பையில் எறிந்த எத்தனையோ படங்கள் தனியார் அலமாரிகளில்தான் பிழைத்தன. புளித்த நெடி அடிக்கத் தொடங்கிய சுருளைக் குளிர்ச்சியில் வைத்துக் காப்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும். ஆனால் தராவா படம் அப்படி அநாதையானதல்ல. அமெரிக்க அரசின் படைப்பாதலால் அதற்குப் பதிப்புரிமை இல்லை. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அழிவிலிருந்து மீட்கிறேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அதனால் வைத்திருப்பதே பாவம் என்றும் ஆகாது. பிணம் தெரியும் துண்டைக் காட்டி விலை ஏற்றுவதுதான் பாவம். ஏறத்தாழ 1,000 அமெரிக்கர்கள் அங்கே மாண்டார்கள். தீவைக் காத்த சுமார் 4,800 பேரில் உயிர் தப்பியவர்கள் 150 பேர்கூட இல்லை. தப்பியவர்களில் பெரும்பாலோர் கொரியக் கூலிகள். ரூஸ்வெல்ட்டிடம் போன கேள்வி அமெரிக்கப் பிணங்களைப் பற்றியது. மற்றவர்களுக்காக எவரும் அனுமதி கேட்கவில்லை. அந்தச் சாவுகள் பழங்கதையும் ஆகிவிடவில்லை. பெட்டியோ மண்ணிலிருந்து 30-க்கும் மேற்பட்ட மெரீன்களின் எச்சங்கள் 2015-இல்தான் தோண்டியெடுக்கப்பட்டன. தாக்குதலை முன்நின்று நடத்தி மாண்ட அலெக்சாண்டர் பானிமனும் அவர்களில் ஒருவர். 70 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்த குடும்பம் அவரை அடக்கம் செய்தது.

சுருளை வைத்திருப்பவர்களே, துண்டாக்கி விற்காதீர்கள். காட்டும்போது முழுதாகக் காட்டுங்கள். இரு பக்கமும் மாண்டவர்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.