பதினொரு வயதில் பிரிக்கலாமா?



சென்ற ஆண்டு அன்னதானப் பந்தியில் பெரியவர் ஒருவர், "தம்பி, மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் கிடைச்சது?" என்று கேட்டார். மகள் லெவன் பிளஸ் சோதனையில் சில புள்ளிகளால் தவறி, வீட்டுக்கு அருகிலுள்ள கொம்பிரிஹென்சிவ் பாடசாலைக்குப் போகிறாள். நானோ, "பக்கத்திலதான் ஐயா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். அருகில் இருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எனது வெட்கம் அவளுக்கும் தொற்றிவிட்டதை அன்று கண்டேன். அந்த வெட்கம் நியாயமானதா என்பதே எனது கேள்வி.

நாம் வெட்கப்படும் இப்பாடசாலை எப்படி உருவானது என்பதை முதலில் பார்ப்போம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரச இரண்டாம்நிலைக் கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. அடுத்த ஆண்டே, 1945இல், கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையிலும் இலவசக் கல்வி வந்தது. ஆனால் இங்கே இலவசத்தோடு ஒரு பிரிப்பும் வந்தது. பதினொரு வயதில் சோதனை வைத்து, சித்தியடைந்த சிறுபான்மையினரைக் கிராமர் பாடசாலைக்கும், மற்றவர்களில் பெரும்பாலோரைச் செக்கண்டரி மொடேர்ன் பாடசாலைக்கும் அனுப்பினார்கள்.

இதை மாற்ற எண்ணிய லண்டன் கவுண்டி சபை 1954இல் தென்கிழக்கு லண்டனில் கிட்புரூக் பாடசாலையைத் திறந்தது. ஏறக்குறைய 2,000 பெண்பிள்ளைகள், எல்லாத் தரத்தினரும், ஒரே கூரையின் கீழ் படிப்பதற்கென்றே அது கட்டப்பட்டது. அயலிலிருந்த எல்தம் ஹில் கிராமர் பாடசாலையையும் அதனோடு இணைக்கச் சபை திட்டமிட்டது. பெற்றோர் எதிர்த்தனர், கல்வி அமைச்சர் புளோரன்ஸ் ஹோர்ஸ்புரோ அனுமதி மறுத்தார். பிரிப்பை ஒழிக்க வந்த பாடசாலையின் அயலிலேயே பிரிப்பும் தொடர்ந்தது. 1965இல் அமைச்சர் அன்ரனி குரொஸ்லாண்ட் விடுத்த சுற்றறிக்கைக்குப் பின் நாட்டின் பெரும்பகுதி கொம்பிரிஹென்சிவ் முறைக்கு மாறியது. எனினும் இங்கிலாந்தில் 163 கிராமர் பாடசாலைகள் இன்றும் உள்ளன.

"சோதனைதானே நியாயம்?" என்று எம்மவர் கேட்பர். இக்கேள்வியை இலேசாகத் தள்ள முடியாது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, பல்கலைக்கழகம் புகத் தமிழில் எழுதியோர் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் எனது பெரியப்பா மருத்துவபீட இடத்தை அப்படித்தான் இழந்தார். "புள்ளியை மட்டும் பார்" என்பது அந்தக் காயத்திலிருந்து வந்த பேச்சு.

ஆனால் நானோ முல்லைத்தீவில், இடப்பெயர்வுகளுக்கிடையே, கணக்கியலுக்கு ஆசிரியரில்லாத பாடசாலையில் படித்தவன். பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டினாலேயே பல்கலைக்கழகம் புகுந்தேன். பெரியப்பாவுக்கு நடந்தது பிள்ளையின் மொழியைப் பார்த்தது. எனக்குக் கிடைத்தது பிள்ளை படித்த நிலைமையைப் பார்த்தது. முன்னையது அநீதி. பின்னையதையும் அநீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்காளர்களாகிய நாங்கள் இறுதி மீதியை மட்டும் பார்ப்பதில்லை; தொடக்க மீதி சரியா என்றும் பார்ப்போம். மகளின் ரியூசனுக்கு இரண்டு ஆண்டுகளில் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தாய் இரவில் துப்புரவு வேலை செய்பவர். அவரால் அதில் ஒரு மாதக் காசைக்கூடக் கொடுத்திருக்க முடியாது. அவரது மகளும் அதே சோதனையைத்தான் எழுதினாள். எனது மகள் சித்தியடைந்திருந்தால், அதைத் திறமை என்றே இம்மண்டபத்தில் சொல்லியிருப்பேன்.

ரியூசன் கொடுப்பது பாவமென்று சொல்லவில்லை. பிள்ளைக்கு நல்லதைத் தேடுவது பெற்றோர் கடமை. கிராமர் பாடசாலைக்குப் போன பிள்ளைகளையும் மனதார வாழ்த்துகிறேன். ஆனால் காசு கொடுத்துப் பெற்ற வசதியைத் தகுதியென்று எண்ணி, மற்றப் பிள்ளைகளைக் குறைவாகப் பார்ப்பது தவறு. ஆங்கிலம் தெரியாமல் ஆண்டின் நடுவில் வந்திறங்கிய எமது அகதிப் பிள்ளைகளைச் சோதனை வைக்காமல் ஏற்றுக்கொண்டவையும் இந்தப் பாடசாலைகள்தான். இதை நாம் மறக்கலாமா?

மகளும் எதிர்வீட்டுப் பிள்ளையும் இப்போது ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள். அந்தப் பெரியவர் மீண்டும் கேட்டால் பாடசாலையின் பெயரைச் சொல்லுவேன். மகளை அருகில் வைத்துக்கொண்டே சொல்லுவேன்.

பெற்றோரே, சிந்திப்போமாக.