நாற்றங்காலுக்குரிய கடன்

சுங்கை பூலோ என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்வோர் பலருக்கு நினைவில் எழுவன அங்குள்ள நாற்றங்கால்களேயாகும். 1930ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்கென அமைக்கப்பட்ட குடியிருப்பின் நிலத்தில், நோய் நீங்கிய பின்னும் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பூச்செடிகளையும் பழக்கன்றுகளையும் வளர்த்து விற்று வாழ்ந்தனர். இன்றும் தம் வீட்டு முற்றத்திற்குச் செடி தேடுவோர் அங்குதான் செல்கின்றனர். வளர்ந்த கன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்வது நாற்றங்காலின் நோக்கமன்று. பிறர் தோட்டத்தில் பூப்பதற்கென்றே அது கன்றுகளை வளர்க்கிறது. ஆயினும், கன்றை எடுத்துச் செல்பவர் அதற்குரிய விலையைக் கொடுத்தே எடுத்துச் செல்கிறார். கொடாமற் செல்வதே வழக்கமாகிவிடின், அடுத்த ஆண்டு விதையிட அங்கு எவரும் இரார்.

இவ்வெளிய உண்மையை விளையாட்டுலகம் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. பொருள்வளம் குன்றிய சிறு குழுவொன்று இளைஞன் ஒருவனைக் கண்டெடுத்துப் பயிற்றுவித்து ஆளாக்குகிறது. அவன் பெயர் பெற்றதும் பெருங்குழு ஒன்று பன்மடங்கு ஊதியம் காட்டி அழைக்கிறது; அவனும் செல்கிறான். இவ்வாறு செல்வது நன்றி மறத்தலா? அழைப்பது அறமா? வளர்த்த குழுவுக்கு அவன்மேல் உரிமை ஏதேனும் உண்டா? பார்வைக்கு இவை விளையாட்டுச் செய்திகளாகத் தோன்றினும், உண்மையில் மனித உறவுகளின் அடிப்படையைத் தொடும் வினாக்களாகும்.

நம் நாட்டுக் காற்பந்தையே எடுத்துக்கொள்வோம். நெகிரி செம்பிலானில் ஆடிப் பெயர் பெற்ற எஸ். குணாளன் பின்னர் சிலாங்கூருக்கும், அதன்பின் ஜொகூருக்கும் சென்றார். 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற சிலாங்கூரை எவரும் சிறு குழு என்னார். அச்சிலாங்கூரிலிருந்தே, 2010ஆம் ஆண்டில் தேசியக் குழுவின் தலைவராக நின்று தென்கிழக்காசியக் கிண்ணத்தை வென்று தந்த சாஃபிக் ரகிம், 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் ஜொகூர் டாருல் தக்சிமில் சேர்ந்தார். ஜொகூர்க் குழு 2014 முதல் 2024-25 பருவம் வரை சூப்பர் லீக் பட்டத்தைத் தொடர்ச்சியாக 11 முறை வென்றது. அதன் நிர்வாகத் திறனையும் திடல் வசதிகளையும் பயிற்சி முறையையும் பாராட்டாமல் இருத்தல் முறையன்று. ஆயினும் ஒரே குழு பதினொரு முறை வெல்லும் போட்டியில், ஏனைய குழுக்கள் எந்நம்பிக்கையுடன் இளைஞரை வளர்க்கும் என்னும் கேள்வியும் உடன் எழுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கமாகிய மிஃபாவின் பெயரைத் தாங்கி ஆடிய குழு, 2019ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் புதுப்பெயருடன் சூப்பர் லீக்கில் இடம்பெற்றது. தன் இறுதிப் பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் எவருமின்றி உள்நாட்டு இளைஞரை மட்டுமே நம்பி ஆடிற்று. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு லீக்கைவிட்டு விலகியது. தோட்டத் திடல்களில் வெறுங்காலோடு பந்துதைத்த தலைமுறையின் பேரர்களுக்கு, உயர்ந்த மேடை ஒன்றின் படிக்கட்டு அன்று அகன்றது. 2025ஆம் ஆண்டில் பேராக், ஸ்ரீ பகாங் ஆகிய குழுக்களும் விலகின. பேராக் 2018ஆம் ஆண்டில்தான் மலேசியக் கிண்ணத்தை வென்றிருந்தது என்பதை எண்ணும்போது, வீழ்ச்சியின் விரைவு நமக்குப் புலனாகும்.

இந்நிலைக்கு ஆட்டக்காரனின் நன்றியின்மையே காரணம் எனக் கூறுவோர் உளர். மொக்தார் டஹாரியையும் ஆர். ஆறுமுகத்தையும் சிலாங்கூரினின்று பிரித்து எண்ண முடியுமா என அவர்கள் கேட்பர். செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. ஆதலின் இக்கூற்று நம் நெஞ்சை எளிதில் கவரும். ஆயினும் சற்று ஆராய்தல் வேண்டும். மலேசியக் காற்பந்து 1989ஆம் ஆண்டில் பகுதித் தொழில்முறையாகவும் 1994ஆம் ஆண்டில் முழுத் தொழில்முறையாகவும் மாறியது. அதற்கு முன் ஆடியவர்க்குப் பந்தாட்டம் ஒரு பிழைப்பாக இருந்ததில்லை. மாநிலப் பற்று அவர்களிடம் மெய்யாகவே இருந்தது. ஆனால் பெருந்தொகை காட்டி அழைப்போர் அன்று இலர். சோதனைக்கு உட்படாத பற்றைக் கொண்டு, சோதனையின் நடுவே நிற்பவனை அளத்தல் நேர்மையாகாது.

மேலும், ஆட்டக்காரனின் தொழில் வாழ்வு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முடிந்துவிடும். முழங்காலில் ஏற்படும் ஒரு முறிவு அதனை ஒரே நாளில் முடித்துவிடவும் கூடும். ஊதியம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் செய்திகள் நம் லீக்கில் புதியனவல்ல. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் காத்திருக்கையில், 'பற்றுடன் இரு' என அவனுக்கு அறிவுரை கூறுவது நமக்கு எளிது. பின்பற்றுவது அவனுக்கு அரிது.

அவ்வாறாயின், செல்லவொட்டாமல் சட்டத்தால் தடுத்தால் என்ன? அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டம் அவ்வழியைப் பல்லாண்டுகள் கடைப்பிடித்தது. ஒரு குழுவில் சேர்ந்தவன், அக்குழு விடுவித்தாலன்றி அல்லது வேறு குழுவுக்கு மாற்றினாலன்றி, வேறெங்கும் ஆட இயலாது என்பது அங்கிருந்த விதி. சிற்றூர்க் குழுக்களைக் காக்கும் வேலி அது என்றனர். 1969ஆம் ஆண்டில் கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின ஆட்டக்காரரை, அவரது விருப்பத்தைக் கேளாமலே செயின்ட் லூயிஸ் குழு பிலடெல்பியாவுக்கு மாற்றியது. தாம் வாங்கவும் விற்கவும் உரிய உடைமையல்லர் எனக் கூறி அவர் செல்ல மறுத்தார், வழக்குத் தொடுத்தார். 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1975ஆம் ஆண்டில் நடுவர் ஒருவரின் தீர்ப்பினால் அவ்விதி உடைந்தது.

இவ்வரலாறு மலேசியத் தமிழராகிய நமக்கு அயலானதன்று. சஞ்சிக்கூலியாகக் கையொப்பமிட்டு வந்த நம் முன்னோர், கப்பற் செலவின் கடன் தீரும்வரை ஒரு தோட்டத்திற்கே கட்டுண்டு கிடந்தனர். 'உன்னைக் கொண்டுவரச் செலவிட்டோம். ஆதலின் நீ எமக்குரியவன்' என்பதே அக்கட்டின் வாதம். அம்முறை 1910ஆம் ஆண்டில் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. செலவிட்டவனுக்கு மனிதன் உடைமையாகிவிடுவான் என்னும் வாதத்தை, அதனால் துன்புற்ற மரபில் வந்த நாம் விளையாட்டிற்காகவும் ஏற்றல் தகாது. கட்டிவைத்துப் பெறும் நன்றி நன்றியாகாது.

இனி, மறுபுறம் நிற்போரின் வாதம்: 'பணம் உள்ளவன் வாங்குகிறான், இல்லாதவன் ஒதுங்கட்டும். இதில் அறம் எங்கே வந்தது?' இதுவும் பொருந்தாது. கடைத்தெருவில் எதிர்க்கடை மூடப்பட்டால் வணிகனுக்கு ஆதாயம். விளையாட்டிலோ எதிர்க்குழு இல்லையேல் ஆட்டமே இல்லை. எதிரியின் வலிமையே வெற்றிக்குப் பெருமை தருகிறது. அமெரிக்காவின் ஓக்லண்ட் குழு 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து பட்டம் வென்றது. அதன்பின் அதன் சிறந்த ஆட்டக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிரிந்தனர். பின்னெழுந்த தலைமுறையிலும் அதுவே நிகழ்ந்தது. இறுதியில் 2024ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அக்குழு ஓக்லண்ட் நகரைவிட்டே வெளியேறிற்று. புதுத் திடலைப் பற்றிய நெடிய பூசல் முதலிய வேறு காரணங்களும் அதற்கு இருந்தன. எனினும், வளர்த்தவரைத் தக்கவைக்க இயலாத குழுவின் மேல் ஊராரின் நம்பிக்கையும் தேய்வது இயல்பு.

ஆகவே, கட்டிவைத்தலும் அறமன்று, கைவிடுதலும் அறமன்று. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் நெறி எது? கடன் உண்டு, ஆனால் அதைத் தீர்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் நாம் தவறுகிறோம் என்பது என் கருத்து. வளர்ப்பின் பயனை எவர் நுகர்கிறாரோ, அவரே வளர்ப்பின் கடனையும் ஏற்றல் வேண்டும். கன்று தன் விலையைத் தானே கொடுப்பதில்லை. அதனைக் கொண்டுசெல்பவரே கொடுக்கிறார். செல்லும் ஆட்டக்காரனைத் தூற்றுவதை விடுத்து, அழைக்கும் பெருங்குழுவை நோக்கி நம் வினாவைத் திருப்புவோம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் கற்பனையன்று. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் 2001ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, ஆட்டக்காரர் ஒருவர் கட்டணத்துடன் நாடு விட்டு நாடு மாறும்போது, அவரை 12 வயது முதல் 23 வயதுவரை பயிற்றுவித்த குழுக்களுக்கு அக்கட்டணத்தில் 5 விழுக்காடு பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். அமெரிக்கப் பேஸ்பாலில் ஒவ்வொரு குழுவும் தன் உள்ளூர் வருவாயில் ஏறத்தாழப் பாதியைப் பொதுநிதியில் சேர்க்க, அஃது எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. குறைகளும் உள்ளன. ஒப்பந்தம் முடிந்து கட்டணமின்றிச் செல்பவர்க்காக அந்த 5 விழுக்காடு எழுவதில்லை. கட்டணமின்றிச் செல்வோர் மிகுந்த ஓர் உள்நாட்டு லீக்கில் சிறு குழுக்களைக் காக்க இவ்விதி மட்டும் போதாது. எனவே, நம் லீக்கிற்கென நாமே நெறி வகுத்தல் வேண்டும்.

பெறுவோர்க்கும் கடமை உண்டு என்பதை மறத்தலாகாது. பொதுநிதியில் பெற்ற பங்கை ஆட்டக்காரர்க்குச் செலவிடவில்லை என, 2018ஆம் ஆண்டில் ஓக்லண்ட் உள்ளிட்ட நான்கு குழுக்கள்மீது அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் முறையிட்டது. சிறுமை ஒரு தகுதியாகிவிடாது. ஊதியத்தை உரிய நாளில் கொடாத குழு, வறுமையைக் காட்டிப் பற்றினைக் கேட்க உரிமையற்றது. வளர்த்தேன் என்று சொல்வதற்கு முன், வளர்த்தவன் ஒழுங்காகச் சோறிட்டிருத்தல் வேண்டும்.

இக்கருத்து ஆசிரியப் பெருமக்களுக்கு விளக்கம் வேண்டாதது. ஆறாண்டுகள் அகரம் முதல் அனைத்தும் கற்பித்த மாணவரைத் தமிழ்ப்பள்ளி ஆண்டுதோறும் இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பிவைக்கிறது. அவர் பின்னாளில் பெறும் பட்டமும் பதவியும் வேறு நிறுவனங்களின் பெயரிலேயே எழுதப்படும். எந்த ஆசிரியரும் மாணவரைத் தடுத்து நிறுத்த எண்ணார். செல்வதைக் கண்டு மகிழ்வார். ஆனால் அப்பள்ளியின் கூரை ஒழுகும்போது, அங்குப் படித்தவரின் திறமையால் செழித்த சமுதாயம் திரும்பிப் பாராதிருக்குமாயின், அதனை எச்சொல்லால் அழைப்பது?

செல்பவனை வாழ்த்தி அனுப்பும் பெருந்தன்மை சிறியோர்க்கு வேண்டும். கொண்டுசெல்லும்போது கடன் தீர்த்துச் செல்லும் நேர்மை பெரியோர்க்கு வேண்டும். இவை இரண்டையும் விதியாக்கிக் காக்கும் துணிவு ஆட்சி செலுத்தும் சங்கங்களுக்கு வேண்டும். மாணவர்கள் நாளை ஆட்டக்காரராகவோ, நிர்வாகியாகவோ, வெறும் பார்வையாளராகவோ திடலுக்குச் செல்லக்கூடும். எந்நிலையில் நின்றாலும், வென்ற குழுவைக் கைதட்டி வாழ்த்தும் அப்பொழுதே, இவ்வீரனை முதலில் வளர்த்த குழு எது, அது இன்றும் ஆடுகிறதா என்று ஒருமுறை கேட்கப் பழகுங்கள். அக்கேள்வி பலர் வாயில் எழும் நாளில், விதிகள் தாமாகவே மாறத் தொடங்கும்.