கயிறு பிடிக்கும் மச்சான்

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. முத்துக் குளிக்கப் போகிறவனுக்குத் தோணியில் இருந்து கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். கீழே போனவன் கயிற்றை அசைத்ததும் இழுக்காவிட்டால், தாலி இழப்பது கயிறு பிடித்தவனின் கூடப்பிறந்தவள் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு வைத்த நம்பிக்கை இல்லை அது. காரணத்தை யோசித்துத்தான் பெரியவர்கள் ஆளைத் தேர்ந்தார்கள்.

1961-க்குப் பிறகு எங்கள் பார்களில், அதாவது முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளில், முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொழிலின் வழக்கங்களை நினைக்கும்போதெல்லாம், மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையில் வாழ்ந்த ஒரு தத்துவப் பேராசிரியர் நினைவுக்கு வருகிறார். கே. என். ஜெயதிலக. 1920-இல் பிறந்தவர். பாலியும் சமஸ்கிருதமும் படித்துவிட்டு கேம்பிரிட்ஜ் போய், 1945 முதல் 1947 வரை தத்துவஞானி விட்கென்ஸ்டைனின் வகுப்புகளில் உட்கார்ந்தவர். திரும்பி வந்து பேராதனையில் தத்துவம் கற்பித்தார். ஆதி பௌத்தத்தின் அறிவுக் கோட்பாடு பற்றி அவர் எழுதிய பெருநூல் 1963-இல் வெளியானது. 1970-இல், ஐம்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனார்.

புத்தர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்னது பலருக்கும் தெரியும்: கேள்விப்பட்டதாலோ, பரம்பரையாக வந்ததாலோ, நூலில் இருப்பதாலோ மட்டும் ஒன்றை ஏற்காதே. அப்படியானால் பௌத்தத்தில் சிரத்தைக்கு, அதாவது நம்பிக்கைக்கு, என்ன இடம்? ஜெயதிலக சொன்ன பதில் எளியது. அது சோதித்துப் பார்ப்பதற்காகத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்வது. எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், மாதிரிச் சிப்பி. முத்துக்குளிப்புக்கு முன்னால் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி எடுத்துப் பிளந்து, முத்தின் தரத்தை மதிப்பிடுவார்கள். பிறகு குளித்தெடுத்த சிப்பிகள் ஆயிரம் ஆயிரமாக, மூடிய வாயோடு ஏலம் போகும். எல்லாச் சிப்பியையும் பிளந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் வியாபாரமே இல்லை. ஒன்றையும் பார்க்காமல் வாங்கினால் அது சூதாட்டம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். நண்பர் ஒருவரோடு உப்பளக் குத்தகையில் கூட்டுச் சேர்ந்தேன். முதல் நாள் கணக்கு வழக்கு எதையும் பேசவில்லை; பேசினால் நட்புக்கு இழுக்கு என்று நினைத்தேன். நாலாம் வருடம் டீக்கடையில் யாரோ ஏதோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவர் எழுதிய ஒவ்வொரு சிட்டையையும் ரகசியமாகச் சரிபார்த்தேன். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை.

“மொதல்லயே கேட்டிருந்தா நோட்டை உங்க மடியில வச்சிருப்பேனே அண்ணாச்சி. நாலு வருசம் கழிச்சா கேக்கிய?”

கணக்கில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் கூட்டு அந்த மாசியோடு முடிந்தது. பேச்சும்தான்.

விட்கென்ஸ்டைன் 1951 ஏப்ரலில் சாவதற்கு இரண்டு நாள் முன்புவரை ‘உறுதி’ என்பதைப் பற்றித்தான் குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். நம்புவதற்குக் காரணம் வேண்டும் என்கிறோமே, சந்தேகப்படவும் காரணம் வேண்டும் என்பது அவர் கண்டது. எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவனால் சந்தேகிக்கக்கூட முடியாது; நிற்க ஏதாவது தரை வேண்டும். கடலுக்கு அடியில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குகிறவன், மேலே மச்சான் கயிற்றை விட்டிருப்பானோ என்று யோசித்துக்கொண்டிருந்தால் வெறுங்கையோடுதான் வருவான்.

அந்த டீக்கடைப் பேச்சை இப்போது யோசிக்கும்போது காலாமர்கள் நினைவுக்கு வருகிறார்கள். கேள்விப்பட்டதை வைத்து நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கேள்விப்பட்டதை வைத்துச் சந்தேகப்படுவதும் அதே தப்புதான். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா தெரியாது.

போன வாரம் மருமகன் வந்தான், கூட்டாக ஒரு தொழில் தொடங்கப் போவதாக. கேட்க வேண்டியதையெல்லாம் கரையிலேயே கேட்டுவிடு என்றேன். கயிறு நிஜமாகவே தளர்ந்தால் ஒழிய, இறங்கின பிறகு அண்ணாந்து பார்க்காதே என்றும் சொன்னேன்.